காத்தாடிக் கம்பெனி சொத்தை விற்றால் பங்குக்காரருக்கு என்ன மிஞ்சும்?

“தம்பி, காத்தாடிக் கம்பெனி தன்னோட ஹெட் ஆபீஸையே வித்துருச்சாம். கடனெல்லாம் அடைஞ்சு போச்சாம். நானூறுக்கு மேல போன ஷேரு இப்ப நூறுக்குக் கீழ கெடக்கு. கொஞ்சம் வாங்கிப் போடலாமா?”

சோழபுரம் டீக்கடை பெஞ்சில் இதைக் கேட்ட அண்ணாச்சி, ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணம் பேங்கில் டெபாசிட்டாக இருக்கிறது. மகன் செல்போனில் டீமேட் கணக்கு திறந்து கொடுத்துவிட்டான். அவருக்குக் காத்தாடி புதிதில்லை. சங்கரன்கோவில் பக்கம் போனாலே வயல் நடுவில் வரிசையாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். கண்ணால் பார்க்கிற பொருள், அதனால் நம்பிக்கை. கேள்வியில் தப்பே இல்லை. ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றாக முடிந்து கிடக்கின்றன. கம்பெனி பிழைத்ததா? பங்குக்காரர் பிழைத்தாரா? விலை குறைவு என்றால் மலிவு என்று ஆகிவிடுமா? இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் பதில் கிடைக்கும்.

அண்ணாச்சி சொன்னது சுஸ்லான் எனர்ஜி. ஆபீஸ் விற்றதும் நிஜம்தான். புனேயில் ‘ஒன் எர்த்’ என்ற பெயரில் இருந்த தலைமை அலுவலக வளாகத்தை 2024 செப்டம்பரில் 440 கோடி ரூபாய்க்கு விற்று, அதே இடத்தில் வாடகைக்கு இருக்க ஏற்பாடு செய்துகொண்டது. அந்தச் செய்தியிலிருந்து தொடங்கினால் கதை பாதியில்தான் தொடங்கும். கொஞ்சம் பின்னாலிருந்து வருவோம்.

மில்லும் காத்தாடியும்

நூல் மில்லில் பஞ்சுக்கு அடுத்தபடியாகக் காசைத் தின்பது கரண்ட் பில். இது அண்ணாச்சிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மில்கள் கயத்தாறு, முப்பந்தல், தேனி, உடுமலை என்று காற்று வருகிற இடங்களில் சொந்தக் காற்றாலை வைத்து, அதில் வரும் யூனிட்டை மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவந்து தங்கள் பில்லில் கழித்துக்கொண்டன. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்குகிற அதே காற்றுதான் காசு. மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும். மிஞ்சுகிற யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது.

இன்னொரு காரணம் வருமான வரி. காற்றாலைக்குப் போட்ட பணத்தில் 80 சதவீதம் வரை ஒரே வருடத்தில் தேய்மானமாகக் காட்டலாம் என்றிருந்தது. நல்ல லாபம் பார்த்த மில் முதலாளி, வரியாகக் கட்ட வேண்டிய பணத்தைக் காத்தாடியாக நட்டார். 2012 மார்ச்சோடு அந்தச் சலுகை நின்றது. அந்த மார்ச்சோடு முடிந்த வருடத்தில் நாடு முழுக்க 3,100 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. அடுத்த வருடம் 1,700 அளவுக்கு விழுந்தது. 2014-ல் சலுகை திரும்ப வந்தது. 2017 ஏப்ரலில் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

காற்றாலை செய்து விற்கும் கம்பெனிக்கு ஆர்டர் வருவதும் நிற்பதும் காற்றைவிட அரசாணையைப் பொறுத்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகிற எல்லாக் கஷ்டத்துக்கும் வேர் இதில் இருக்கிறது.

சுஸ்லான்: வாங்கியதும் விற்றதும்

சுஸ்லானைத் தொடங்கிய துளசி தந்தியும் துணி வியாபாரத்தில் இருந்தவர்தான். சூரத்தில் ஜவுளி ஆலை. கரண்ட் செலவு தாங்காமல் இரண்டு காற்றாலை வாங்கி வைத்தார். துணியைவிட காத்தாடியே நல்ல தொழில் என்று 1995-ல் கம்பெனி தொடங்கினார். 2005 அக்டோபரில் பங்கு வெளியீடு; விலை 510 ரூபாய். அன்றைக்குச் சந்தை அதைக் கொண்டாடியது.

கையில் பணமும் பேங்கில் பேரும் வந்ததும் கம்பெனி வெளிநாட்டில் வாங்க ஆரம்பித்தது. 2006-ல் பெல்ஜியத்தின் ஹான்சென் என்ற கியர்பாக்ஸ் கம்பெனியை 46.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2007-ல் ஜெர்மனியின் ரீபவர் கம்பெனிக்காகப் பிரான்சின் அரேவாவுடன் ஏலப் போட்டியில் இறங்கி ஜெயித்தது. அதற்கு மட்டும் 130 கோடி யூரோ அளவுக்கு ஆனது. பெரும்பகுதி கடன்.

அதற்குப் பிறகு வரிசையாக அடி. அமெரிக்காவில் நட்ட 2.1 மெகாவாட் காற்றாலைகளில் இறக்கை விரிசல் விட்டது. 1,200-க்கும் மேற்பட்ட இறக்கைகளைத் தன் செலவில் பலப்படுத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்து ஆர்டர்கள் வற்றின. ரீபவரிடம் நல்ல தொழில்நுட்பமும் ஓரளவு பணமும் இருந்தும், சிறுபான்மைப் பங்குதாரர்கள் மிச்சமிருந்த வரை ஜெர்மன் சட்டப்படி அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. முழுப் பங்கும் கைக்கு வந்தது 2011-ல்தான். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடியது.

இனி விற்பனைப் படலம். ஹான்சென் பங்குகளை 2009-ல் பெருமளவு விற்றது. மீதியை 2011-ல் ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனிக்குக் கொடுத்தது. கோயம்புத்தூரில் ஹான்சென் கட்டிய கியர்பாக்ஸ் ஆலை இன்று இசட்.எஃப். பெயரில் ஓடுவது இந்த வழியில்தான். அப்படி விற்றும் போதவில்லை. 2012 அக்டோபரில் 20.9 கோடி டாலர் வெளிநாட்டுப் பத்திரக் கடனைத் திருப்பித் தர முடியாமல் தவறியது. அந்த வகைக் கடனில் அதுவரை இந்தியா பார்த்த மிகப் பெரிய தவறல் அது. 2013-ல் பேங்குகள் சுமார் 9,500 கோடி ரூபாய்க் கடனுக்குத் தவணையை மாற்றிக் கொடுத்தன. 2015-ல் சென்வியான் என்று பெயர் மாறியிருந்த ரீபவரையே 100 கோடி யூரோவுக்கு விற்றது. நம் பணத்தில் அப்போது சுமார் 7,200 கோடி ரூபாய். வாங்கிய விலைக்கும் கீழே.

“அவ்வளவு பெரிய தொகை வந்தும் கடன் தீரலையா?”

தீரவில்லை அண்ணாச்சி. நான்கே வருடத்தில், 2019 ஜூலையில், 17.2 கோடி டாலரை மறுபடி கட்ட முடியாமல் நின்றது. இதற்கும் அரசு விதி மாறியதுதான் காரணம். அதுவரை மாநில அரசுகள் காற்றாலை மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று விலை நிர்ணயித்து வாங்கின. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஏலமுறை கொண்டுவந்தது. முதல் ஏலத்திலேயே யூனிட் 3 ரூபாய் 46 காசு. அதே வருட டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு. அந்த விலைக்கு மின்சாரம் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் காற்றாலை விலையை அடித்துப் பேசினார்கள்; மற்றவர்கள் ஆர்டரே கொடுக்காமல் காத்திருந்தார்கள். 2016-17-ல் நாடு முழுக்க 5,500 மெகாவாட் நிறுவிய தொழில், அடுத்த வருடம் 1,800-ஐக்கூடத் தொடவில்லை. சம்பாதிப்பது மூன்றில் ஒரு பங்கானால், ஒரு காலத்தில் சொத்து விற்று அடைத்த பள்ளம் திரும்பத் தோன்றிவிடும்.

சொத்து விற்பனை கம்பெனிக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கும். அந்த அவகாசத்தில் தொழில் நிமிர்ந்தால்தான் உண்டு. நிமிராவிட்டால் விற்க இன்னொரு சொத்தைத் தேட வேண்டியதுதான்.

நூறு பங்கின் கதை

இதுவரை சொன்னது கம்பெனியின் கதை. பங்குக்காரரின் கதை வேறு. 2005-ல் ஒருவர் 510 ரூபாய் வீதம் 20 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 10,200 ரூபாய். 2008 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை ஐந்து 2 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தார்கள். அவர் கையில் இப்போது 100 பங்கு. ஒரு பங்கின் அடக்க விலை 102 ரூபாய்.

அதே ஜனவரியில் விலை 460 ரூபாய் வரை போனது. 100 பங்கு 46,000 ரூபாய். 2020 மார்ச்சில் விலை 2 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அவருடைய 100 பங்குக்கு 200 ரூபாய்கூடத் தேறவில்லை. அதன்பிறகு கம்பெனி எழுந்தது. 2024 செப்டம்பரில் விலை 86 ரூபாய் அளவுக்கு ஏறியது. பத்திரிகைகள் பெரிய மீட்சி என்று எழுதின. அன்றைக்கும் அவருடைய 100 பங்கின் மதிப்பு 8,600 ரூபாய். 19 வருடம் கழித்து, மீட்சியின் உச்சியில்கூட, போட்ட 10,200 முழுதாகத் திரும்பவில்லை.

“விலை இன்னும் பழைய உசரத்துக்கு வரலை, அதான? வந்துரும்ல?”

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கம்பெனியின் மொத்த மதிப்பு பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. 2008-ல் சுஸ்லானின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 150 கோடி. 460 ரூபாயால் பெருக்கினால் 69,000 கோடி ரூபாய். 2024-ல் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 1,360 கோடி. 86 ரூபாயால் பெருக்கினால் 1 லட்சத்து 17 ஆயிரம் கோடி. கம்பெனியின் சந்தை மதிப்பு முன்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஒரு பங்கின் விலையோ ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழ். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. நடுவில் பங்குகளின் எண்ணிக்கை ஒன்பது மடங்காகிவிட்டது.

எப்படி ஒன்பது மடங்கானது? வெளிநாட்டுப் பத்திரக் கடன் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் பணத்துக்குப் பதிலாகப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். 2015-ல் சன் பார்மா திலீப் சங்வி தரப்பு 18 ரூபாய் வீதம் 1,800 கோடி போட்டுப் புதிய பங்கு வாங்கியது. 2020 மறுசீரமைப்பில் பேங்குகள் கடனில் ஒரு பகுதியைப் பங்காகவும் மாற்றுப் பத்திரமாகவும் மாற்றிக்கொண்டன. 2022-ல் ஆர்.இ.சி., இரெடா என்ற அரசு நிதி நிறுவனங்கள் கைகொடுத்து, பழைய பேங்குக் கடன் கைமாறியது. அந்த அக்டோபரில் உரிமைப் பங்கு வெளியீடு: 21 பங்கு வைத்திருந்தால் 5 பங்கு, விலை 5 ரூபாய், திரட்டியது 1,200 கோடி. வெளியீடு தொடங்க சில நாள் இருக்கும்போது, அக்டோபர் 1 அன்று, துளசி தந்தி காலமானார். 2023 ஆகஸ்டில் பெரிய முதலீட்டாளர்களுக்கு 17 ரூபாய் 55 காசு வீதம் பங்கு விற்று 2,000 கோடி திரட்டினார்கள். மிச்சமிருந்த கடன் தீர்ந்தது அந்தப் பணத்தில்தான்.

வரிசையைக் கவனியுங்கள். கடன் தீர்ந்தது 2023-ல். ஆபீஸ் விற்றது 2024-ல். “ஆபீஸை விற்றுக் கடனைக் கட்டினான்” என்று டீக்கடைக்கு வந்து சேர்ந்த செய்தி தலைகீழ். கடனைத் தீர்த்ததில் பெரும்பங்கு புதிய பங்குகளுக்கும், பேங்குகள் விட்டுக்கொடுத்ததற்கும் உண்டு. புதிய பங்கு என்றால் பழைய பங்குக்காரரின் பாகம் சுருங்குகிறது என்று அர்த்தம். கடனை அடைத்தது யார் என்று கேட்டால், 2008-ல் வாங்கியவரும் அதில் ஒருவர். அவருக்கே தெரியாமல் அடைத்தார்.

லாபம் பார்த்தவர்களும் உண்டு. 2022-ல் 5 ரூபாய் கொடுத்து உரிமைப் பங்கு வாங்கியவர் இரண்டே வருடத்தில் பல மடங்கு பார்த்தார். ஒரே கம்பெனி, ஒரே மீட்சி. முன்னால் போனவர் நஷ்டத்தில், கடைசியில் ஏறியவர் லாபத்தில். 100 பங்குக்காரருக்கும் 23 உரிமைப் பங்கு வாங்கும் வாய்ப்பு வந்தது. 115 ரூபாய்தான் செலவு. ஆனால் 17 வருடம் நொந்துபோனவர்களில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

நம்ம பக்கத்துக் கம்பெனி

சுஸ்லான் காத்தாடி செய்து விற்கிற கம்பெனி. காத்தாடி வைத்து மின்சாரம் விற்கிற கம்பெனியின் பாடு வேறு மாதிரி. அதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது: ஸ்ரீராம் குழுமத்திலிருந்து கிளம்பிய ஓரியன்ட் கிரீன் பவர். 2010 செப்டம்பரில் 47 ரூபாய் வீதம் பங்கு விற்று 900 கோடி திரட்டியது. தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத், ஐரோப்பாவில் குரோவேசியா வரை காற்றாலைகள். கூடவே நெல் உமி, சீமைக்கருவேல முள் மாதிரிப் பொருள்களை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள்.

காற்றுக்கு யாரும் காசு கேட்பதில்லை. முள்ளுக்குக் கேட்பார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு நிலையம் வந்ததும் விறகு விலை ஏறும். செங்கல் சூளைக்காரரும் அதே முள்ளைத்தான் கேட்பார். வாங்குகிற விலை ஏற, விற்கிற மின்சாரத்தின் விலை ஒப்பந்தத்தில் கட்டுண்டு நிற்கும். அந்த நிலையங்கள் நஷ்டத்தில் விழுந்தன. கம்பெனி அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுக் காற்றாலையை மட்டும் வைத்துக்கொண்டது.

காற்றாலைப் பக்கமும் நிம்மதி இல்லை. மின்வாரியத்திடமிருந்து பணம் வரத் தாமதம். நல்ல காற்று அடிக்கிற நாளில் கிரிடு தாங்காது என்று காற்றாலையை நிறுத்தச் சொல்லும் வழக்கம். ஆயிரம் யூனிட்டுக்கு ஒன்று என்று கிடைக்கும் பசுமைச் சான்றிதழின் அடிவிலை 2017-ல் 1,500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 2020 ஜூலை முதல் 2021 நவம்பர் வரை தீர்ப்பாயத் தடையால் அந்தச் சான்றிதழ் வியாபாரமே நின்றது. இதற்கிடையில் பேங்கு வட்டி மாதா மாதம் வந்து நிற்கும்.

கடைசியில் அதே வழி. 2023-ல் 10 ரூபாய் வீதம் 230 கோடிக்கு உரிமைப் பங்கு, 2024-ல் 13 ரூபாய் வீதம் 250 கோடிக்கு இன்னொன்று. வெளியீட்டின்போது 47 கோடியாக இருந்த பங்குகள் இப்போது 117 கோடி. கடன் குறைந்திருக்கிறது. கம்பெனி நடக்கிறது. 47 ரூபாய்க்கு வாங்கியவர் மட்டும் இன்னும் காத்திருக்கிறார்.

கேட்க வேண்டிய நான்கு கேள்வி

இந்தக் கதைகளைக் கோத்துப் பார்த்தால், தவிக்கிற கம்பெனி சொத்து விற்கிறது என்று செய்தி வரும்போது நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி, விற்றது எது? சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒருவர் கடனுக்காகத் தறிக்கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் காலி மனையை விற்றால் மறுநாளும் தறி ஓடும். தறியையே விற்றால் கடன் தீர்ந்திருக்கும், ஆனால் திங்கட்கிழமை காலையில் செய்ய வேலை இருக்காது. புனே ஆபீஸ் காலி மனை. சென்வியானோ ஓடிக்கொண்டிருந்த தறி. குழுமத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. நஷ்டத்தில் ஓடுகிற முள் எரிக்கும் நிலையத்தை விற்பது இரண்டிலும் சேராது. அது போனால் செலவுதான் குறையும், அதை வரவேற்கலாம்.

இரண்டாவது, வந்த பணம் யாருக்கு? கஷ்டத்தில் இருக்கிற கம்பெனியின் சொத்து அநேகமாக அடமானத்தில் இருக்கும். விற்கவே பேங்கு சம்மதம் வேண்டும். பணமும் பேங்குக்கே போகும். கம்பெனி திவாலாகிக் கலைக்கப்பட்டால் வரிசையைச் சட்டமே சொல்லிவிடுகிறது. 2016 திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவுப்படி முதலில் நடைமுறைச் செலவு, பிறகு அடமானம் வைத்துக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளர் பாக்கியும், பிறகு மற்ற ஊழியர் சம்பளம், அடமானம் இல்லாத கடன், அரசு பாக்கி, முன்னுரிமைப் பங்கு. கடைசியாகச் சாதாரணப் பங்குதாரர். அதாவது அண்ணாச்சி. பந்தியில் அவர் முறை வரும்போது இலை மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

நல்ல சொத்து இருக்கிறதே என்ற ஆறுதலும் இதில் செல்லாது. ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்ற நிதிக் குழுமம் 2018-ல் சரிந்தபோது அதன் ஏழு காற்றாலை நிறுவனங்கள், மொத்தம் 873 மெகாவாட், நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே 49 சதவீதம் வைத்திருந்த ஜப்பானின் ஓரிக்ஸ் 2019-ல் மீதியையும் வாங்கிக்கொண்டது. காற்றாலை நிற்காமல் சுற்றியது. தாய்க் குழுமம் எழவில்லை. அமெரிக்காவின் சன்எடிசன் பங்கு 2015 ஜூலையில் 30 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஏப்ரலில் திவால் மனு. அதன் இந்தியச் சோலார் நிலையங்களை ஹைதராபாத்தின் கிரீன்கோ வாங்கியது. அவை இன்றும் வெயிலில் மின்சாரம் எடுக்கின்றன. பழைய பங்குகள் ரத்தாகிவிட்டன.

மூன்றாவது, விற்ற பிறகு மிச்சம் என்ன சம்பாதிக்கும்? சுஸ்லானைப் பஞ்சகாலத்தில் தாங்கியது பராமரிப்பு வேலை. நட்ட காத்தாடிகளைக் கவனித்துக்கொள்ள வருடா வருடம் வருகிற கட்டணம். புதிய ஆர்டர் வராத வருடத்திலும் அந்தப் பணம் வந்தது. பேங்குகள் பொறுத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். சென்வியானையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கிய அமெரிக்க நிதி நிறுவனம் சென்டர்பிரிட்ஜ் 2016-ல் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019 ஏப்ரலில் அது திவால் மனு போட்டது. விலை குறைத்து விற்றுவிட்டான் என்று 2015-ல் ஏசப்பட்ட விற்பனை, நான்கு வருடத்தில் நல்ல காரியமாகத் தெரிந்தது. தறியை விற்பதும் சில நேரம் சரிதான், சொந்தமாக இன்னொரு தறி இருக்கும்போது.

நான்காவது, பங்கு எத்தனை? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. விலையை மட்டும் பார்த்து, அன்றைய 460 எங்கே, இன்றைய விலை எங்கே, மலிவு என்கிறோம். ஒரு பங்கின் விலை மலிவா என்பது அந்த எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. விலையை மொத்தப் பங்குகளால் பெருக்கி, கம்பெனி முழுவதையும் என்ன விலைக்கு வாங்குகிறோம், அதன் வருட லாபம் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும்.

எங்கே பார்ப்பது?

“இதெல்லாம் படிச்சவங்க பாக்குறது தம்பி. நான் எங்க போயிப் பாக்க?”

செல்போனிலேயே இருக்கிறது அண்ணாச்சி. மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டின் இணையதளத்திலும் ஒவ்வொரு கம்பெனிக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கு விவரப் பட்டியல் வரும். அதில் மூன்று எண்ணைப் பாருங்கள்: மொத்தப் பங்குகள், நிறுவனர் கையில் எத்தனை சதவீதம், அதில் எத்தனை அடமானத்தில். ஐந்து வருடம் முந்தைய பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். சுஸ்லான் வெளியீட்டுக் காலத்தில் நிறுவனர் குடும்பம் ஏறத்தாழ 70 சதவீதம் வைத்திருந்தது. 2024-ல் 13 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. மீதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு பங்குதாரர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பேர் வைத்திருப்பதே ஒரு நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். பங்கு எண்ணிக்கை இத்தனை மடங்கானால் அதைச் சுமக்க ஆள் வேண்டும் அல்லவா?

அடுத்து ரேட்டிங் அறிக்கை. கிரிசில், இக்ரா, கேர் மாதிரி நிறுவனங்கள் கம்பெனிகளின் கடனுக்கு மதிப்பெண் போடுகின்றன. நாலைந்து பக்கம்தான், காசில்லாமல் படிக்கலாம். புரோக்கர் எழுதுவது பங்கு விற்பதற்காக. ரேட்டிங் அறிக்கை எழுதப்படுவது கடன் கொடுத்தவனுக்காக. அதனால் எந்த மாநில மின்வாரியம் எத்தனை மாதம் பாக்கி, அடுத்த வருடம் கட்ட வேண்டிய தவணை எவ்வளவு என்று அதில் நேராக எழுதியிருக்கும். ‘டி’ என்று எழுத்து போட்டிருந்தால் தவணை தவறியாயிற்று என்று பொருள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்றால், மகனை உட்கார வைத்து ஒருநாள் வாசிக்கச் சொல்லுங்கள். டீமேட் கணக்கு திறந்து கொடுத்தவனுக்கு அந்தக் கடமையும் உண்டு.

மூன்றாவது, ஆண்டறிக்கையில் பணவரத்துக் கணக்கு. சொத்து விற்ற வருடத்தில் லாபம் பெரிதாகத் தெரியும். அது ஒருமுறை வருகிற பணம். தொழிலில் இருந்து வந்த பணம் தனி வரியில் இருக்கும். அந்த வரி வட்டியைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து தாண்டினால் கம்பெனி எழுந்துவிட்டது என்று நம்பலாம்.

அப்ப வாங்கலாமா?

காற்றாலைத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டு. தமிழ்நாட்டில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காத்தாடி சுற்றுகிறது. பழைய சிறு இயந்திரங்களை எடுத்துவிட்டுப் பெரியவை வைக்க இடமும் இருக்கிறது. ஆனால் தொழில் வளர்வதும், அதில் உள்ள ஒரு கம்பெனி பிழைப்பதும், அந்தக் கம்பெனியின் பங்குக்காரர் சம்பாதிப்பதும் தனித்தனிச் சங்கதி. முதலாவது நடந்தபோதே இரண்டாவது பலமுறை தவறியது. இரண்டாவது நடந்த பிறகும் மூன்றாவது பலருக்கு நடக்கவில்லை.

அதனால் என் பதில் இது. சொத்து விற்ற செய்தியைப் பார்த்து எந்தக் கம்பெனியின் பங்கையும் வாங்க வேண்டாம். கடன் தீர்ந்து, தொழிலில் வரும் பணம் வட்டியைத் தாண்டி, இரண்டு வருடமாவது புதிய பங்கு அச்சடிக்காமல் ஒரு கம்பெனி நடந்தால் அதன்பிறகு யோசிக்கலாம். அதற்குள் விலை கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறட்டும், அது நிச்சயத்துக்குக் கொடுக்கிற கூலி. அப்போதும் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய பணத்தைத்தான் போட வேண்டும். பி.எஃப். டெபாசிட்டை உடைத்து வாங்குகிற பங்கு இது இல்லை, அண்ணாச்சி.